ராஜபாளையத்துக்கும் பச்சைக் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

எங்க பக்கம் கடல் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று பார்த்தால் மேற்கே மலை, கிழக்கே கரிசல், அவ்வளவுதான். கடல் எங்களுக்கு ஐஸ் பெட்டியில்தான் வரும். 2019 செப்டம்பரில் ஒருநாள் ராஜபாளையத்தில் மீன் வாங்கப் போனபோது, மீன்கார அக்கா நான் கேட்காமலேயே சொன்னார்: "பாம்பன் பக்கம் கடல் பச்சையா கெடக்காம் தம்பி. மீனெல்லாம் செத்து ஒதுங்குதாம். இது தூத்துக்குடி மீனு, பயப்படாம வாங்கு."

வீட்டுக்கு வருவதற்குள் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிட்டது. கரை ஓரமெல்லாம் பச்சைப் பெயின்ட் கொட்டியது மாதிரி தண்ணீர், நடுவில் வயிறு மேலே தெரிய மிதக்கும் மீன்கள். எங்கள் குரூப்பில் உடனே தீர்ப்பு எழுத ஆரம்பித்தார்கள். ஒருத்தர் ஃபாக்டரி கழிவு என்றார், இன்னொருத்தர் கப்பலில் இருந்து ஏதோ ரசாயனம் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் வயல்ல போடுற உரமும் ஊர்ச் சாக்கடையும்தான். நம்ம வைப்பாறும் அந்தக் கடல்லதான் போய் விழுது, நமக்கும் இதுல பங்கு இருக்கு" என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன். நிறைய பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அப்புறம் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, நான் சொன்னதில் பாதி தப்பு. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பச்சை என்ன? அதன் பெயர் நாக்டிலூகா சின்டில்லன்ஸ். மன்னார் வளைகுடா மீனவர்கள் இதைப் பூங்கோரை என்கிறார்கள். பத்திரிகைகள் "பாசி" என்று எழுதுகின்றன. உண்மையில் இது முழுப் பாசி இல்லை. ஒரே செல்லால் ஆன உயிரி, ஆனால் ஒரு செல்லுக்கு ரொம்பப் பெரிசு. சில 2 மில்லிமீட்டர் வரை வளரும். ஒரு கிளாஸில் மோந்து வெளிச்சத்தில் பிடித்தால் வேகவைத்த குட்டி ஜவ்வரிசி மாதிரி கண்ணுக்கே தெரியும். இது தானாக உணவு தயாரிக்காது; டயாட்டம் போன்ற நுண்பாசிகளைப் பிடித்துத் தின்னும். நம் கடலில் காணப்படும் வகை இன்னும் ஒரு வித்தை செய்கிறது. அதன் உடம்புக்குள் ஆயிரக்கணக்கான குட்டிப் பச்சைப் பாசிகள் நீந்திக்கொண்டே குடியிருக்கும். அவை வெயிலில் சமைத்துக் கொடுக்கும், நாக்டிலூகா வாடகையாக அதை வாங்கிக்கொள்ளும். பச்சை நிறம் இந்தக் குடித்தனக்காரர்களுடையது. குளிர்ப் பிரதேசக் கடல்களில் உள்ள நாக்டிலூகாவுக்குள் இப்படி யாரும் குடியில்லை. அது தக்காளி சூப் நிறத்தில் இருக்கும்.

அதே 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ராத்திரி அலை நீலமாக மின்னியதே, ஈசிஆர் முழுக்க ஜனம் போய் நின்று செல்ஃபி எடுத்ததே, ஞாபகம் இருக்கா? அதுவும் நாக்டிலூகா என்றுதான் சொன்னார்கள். ஆகஸ்டில் அதைப் பார்த்து ரசித்தோம், செப்டம்பரில் அதே உயிரிக்குப் பயந்தோம்.

சரி, மீன் ஏன் செத்தது? விஷமா? நாக்டிலூகா நரம்பைத் தாக்கும் விஷம் எதையும் சுரப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அது மிதப்பதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. உடம்பின் பெரும்பகுதி தண்ணீர்ப் பை. அதற்குள் கனமான உப்புகளை வெளியே தள்ளிவிட்டு அம்மோனியத்தை நிரப்பிக்கொள்ளும். கூட்டம் கூட்டமாகச் செத்து வெடிக்கும்போது அந்த அம்மோனியா தண்ணீரில் கலக்கும். அது மீனின் செவுளுக்கு ஆகாது. இதைவிடப் பெரிய காரணம் ஆக்ஸிஜன். ராத்திரியில் வெயில் இல்லை, சமையல் இல்லை. ஆனால் கோடிக்கணக்கான உயிர்கள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். செத்ததை அழுகவைக்கும் பாக்டீரியாக்களுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். காற்றடித்து அலை புரண்டால் மேலிருந்து ஆக்ஸிஜன் கலந்துகொண்டே இருக்கும். காற்று நின்றுவிட்டால் அந்தத் தண்ணீர் கதவடைத்த அறை மாதிரிதான்.

நீந்தத் தெரிந்த மீன் தப்பிக்கும், தரையோடு தரையாகக் கிடக்கும் மீன் மாட்டும். பவளப்பாறை நகரவே முடியாது. 2019 பூங்கோரை மண்டபம் பக்கம் சிங்கில் தீவைச் சுற்றித் தேங்கியபோது என்ன நடந்தது என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் முக்குளித்துப் பார்த்து, 2020-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. நம்ம கடலில் வழக்கமாக அதைப் போல ரெண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். வேகமாக வளரும் கிளைப் பவளங்களான அக்ரோபோரா, மாண்டிபோரா, போசில்லோபோரா இனங்கள்தான் அதிகம் செத்தன. மெதுவாக வளரும் உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. ஒதுங்கிய மீனை எல்லாரும் வீடியோ எடுத்தார்கள். தண்ணீருக்கு அடியில் செத்த பவளத்தை எடுக்க யார் போவது? எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. கரையில் ஒதுங்காததால் அது செய்தியாகவும் ஆகவில்லை.

இப்போது காரணத்துக்கு வருவோம். இட்லிக்கு மாவு ஆட்டுகிறோம். நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து. உளுந்து ஒரு படிதான் இருக்கிறது என்றால், அரிசி நாற்பது படி இருந்தாலும் ஐந்து படி மாவுதான். கடல் நுண்பாசிக்கும் இப்படி ஒரு பக்குவம் உண்டு. கார்பன் 106 அணு, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1. உலகம் பூரா கடலில் சுமாராக இந்த விகிதம்தான் என்று கவனித்தவர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கர், 1934-ல். கார்பனுக்குப் பஞ்சமே இல்லை. கடலில் பெரும்பாலும் நைட்ரஜன்தான் உளுந்து மாதிரி தட்டுப்பாடு. குளம், கண்மாயில் பெரும்பாலும் பாஸ்பரஸ் தட்டுப்பாடு. தட்டுப்பாடான சரக்கை யாராவது கொண்டுவந்து கொட்டினால் பாசி பெருகும். யூரியா, டிஏபி, சாக்கடை, சோப்புத்தூள், இறால் பண்ணைத் தண்ணீர் எல்லாம் அப்படிக் கொட்டும் கைகள்தான்.

இன்னொரு சரக்கும் இருக்கிறது, சிலிக்கா. டயாட்டங்கள் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்பவை. அதற்குச் சிலிக்கா வேண்டும். அது மலைப்பாறை தேய்ந்து ஆற்றோடு வர வேண்டியது. உர மூட்டையில் சிலிக்கா கிடையாது, அணை கட்டினால் அதில் ஒரு பகுதி அணையிலேயே தங்கிவிடும். ஆக கடலுக்கு நைட்ரஜன் கூடுகிறது, சிலிக்கா கூடவில்லை. மீன் குஞ்சுகளுக்குச் சோறு போடும் டயாட்டத்தைவிட, கண்ணாடி ஓடு தேவைப்படாத மற்ற இனங்களுக்கு இடம் கிடைக்கிறது. அந்த மற்ற இனங்களில்தான் வில்லன்கள் அதிகம்.

இதுவரைக்கும் நான் குரூப்பில் எழுதியது சரி. எங்கே சறுக்கினேன் என்றால், மாசத்தைப் பார்க்கவில்லை.

வைப்பாறு எங்க ஊர் மலைகளில் பிறக்கிற ஆறு. ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கம் இறங்கும் தண்ணீர், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலைகளிலிருந்து வரும் அர்ச்சுனா நதி எல்லாம் இதன் குடும்பம்தான். அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு சேரும் இடத்தில்தான் இருக்கன்குடி மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஓடி, தூத்துக்குடிக்கு வடக்கே வைப்பார், சிப்பிகுளம் ஊர்களை ஒட்டி மன்னார் வளைகுடாவில் விழுகிறது. வரைபடத்தில் பார்த்தால் என் வாதம் ரொம்ப அழகாக இருந்தது. ஆனால் பூங்கோரை வந்தது ஆவணிக் கடைசி, புரட்டாசி. அந்த மாசங்களில் சாத்தூர்ப் பாலத்தில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும்: மணலும் சீமைக் கருவேலமும்தான் இருக்கும். வைப்பாறு கடலைத் தொடுவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான், அதுவும் நல்ல மழை பெய்கிற வருஷத்தில். வெம்பக்கோட்டை, கோல்வார்பட்டி, இருக்கன்குடி என்று வழியில் நீர்த்தேக்கங்கள் வேறு. ஓடாத ஆறு எப்படி உரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்? அப்படியே கொடுத்திருந்தாலும் பாம்பன் அங்கிருந்து எவ்வளவோ தூரம் வடகிழக்கே.

அப்போ புரட்டாசியில் என்னதான் நடக்கிறது? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாசங்களில் கேரளக் கரையிலும் குமரிமுனை ஓரத்திலும் ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அது சத்து நிறைந்த தண்ணீர். கடலடியில் செத்து விழுந்ததெல்லாம் மக்கிய எரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் டயாட்டங்கள் செழிக்கும், அவற்றைத் தின்று நாக்டிலூகா பெருகும். பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்கு இன்னும் தொடங்காத இடைவெளியில் கடல் அசையாமல் கிடக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும். மிதக்கிற உயிரி எல்லாம் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே ஆழம் குறைந்த இடத்தில் வந்து ஒதுங்கி அடர்த்தியாகும். 2008-லும் இதே மன்னார் வளைகுடாவில், அக்டோபரில், இதே பூங்கோரையும் மீன் சாவும் பதிவாகியிருக்கிறது. மாசம் கிட்டத்தட்ட அதேதான்.

அதற்கும் முன்னால் போகலாம். பாம்பன் கடலில் ட்ரைக்கோடெஸ்மியம் என்ற இன்னொரு உயிரி திரண்டதையும், அதனால் அங்குள்ள உயிர்களுக்கு ஏற்பட்ட பாதிப்பையும் பற்றி 1944-லேயே கரண்ட் சயன்ஸ் இதழில் குறிப்பு வந்திருக்கிறது. இது மரத்தூள் கொட்டியது மாதிரி மிதக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளத் தெரிந்தது. யூரியா மூட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் மலபார்க் கரையில் இப்படிக் கடல் நிறம் மாறி மீன் சாவதைப் பற்றி 1917-ல் எழுதியிருக்கிறார். பசுமைப் புரட்சிக்கு அரை நூற்றாண்டு முன்னால். கடல் நிறம் மாறுவது மனுஷன் கண்டுபிடித்த வியாதி இல்லை.

"அப்போ உரத்துக்கும் சாக்கடைக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. ஆனால் அதை வேறு இடத்தில் போய்ப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். ஜப்பானில் செட்டோ என்று ஒரு உள்கடல் இருக்கிறது. சுற்றிலும் ஊர், தொழிற்சாலை, நடுவே மீன் வளர்ப்புக் கூண்டுகள். 1972-ல் சாட்டோனெல்லா என்ற பாசி பெருகிக் கூண்டு மீன் 1 கோடியே 40 லட்சம் செத்தது. அடுத்த வருஷமே கழிவுக்குக் கட்டுப்பாடு போட்டுச் சட்டம் வந்தது. 1976-ல் அந்தக் கடலில் வருஷத்துக்கு 299 முறை பதிவான சிவப்பு அலைகள், பிற்பாடு சுமார் 100 ஆகக் குறைந்தன. சத்தைக் குறைத்தால் பெருக்கம் குறையும் என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனை கிடையாது. பூஜ்ஜியம் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள்.  இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தண்ணீர் ரொம்பச் சுத்தமாகி, நோரி என்ற உண்ணும் கடற்பாசி சத்தில்லாமல் வெளுத்துப்போய், அந்த விவசாயிகள் போராட, 2021-ல் சில இடங்களில் சத்தைத் திரும்பக் கொஞ்சம் விடலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

நம் பக்கம் இவ்வளவு நேரான கணக்கு கிடைக்கவில்லை. அரபிக் கடலின் வடபகுதியில் 2000-க்குப் பிறகு குளிர்காலத்தில் டயாட்டத்தின் இடத்தைப் பச்சை நாக்டிலூகா பிடித்துக்கொண்டது. ஹெல்கா கோம்ஸ், ஜோக்கிம் கோஸ் ஆகியோரின் குழு 2014-ல், ஆக்ஸிஜன் குறைந்த நீர் மேலேறுவதுதான் காரணம் என்றது. இந்தியக் கடல்சார் தகவல் மையத்தைச் சேர்ந்தவர்கள் கப்பலில் போய் அளந்து, ஆக்ஸிஜன் குறையாத இடத்திலும் அது பெருகுகிறதே என்று 2018-ல் மறுத்தார்கள். 2020-ல் கோஸ் குழு இமயமலைப் பனி குறைந்து, குளிர்காற்று பலவீனமாகி, கடல் கலக்கப்படாமல் போவதைக் காரணமாகச் சொன்னது. ஒரே உயிரி, ஒரே கடல், ஆறு வருஷத்தில் இத்தனை விவாதம். நான் வாட்ஸ்அப்பில் ரெண்டு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மீன் சாப்பிடலாமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அக்கா "பயப்படாம வாங்கு" என்றதே அதற்காகத்தான். பூங்கோரைக் காலத்தில் தூரக் கடலில் உயிரோடு பிடித்த மீனில் ஆபத்து இல்லை. தானாகச் செத்து ஒதுங்கியதைப் பொறுக்கி விற்றால் வாங்கக்கூடாது, அது எந்தக் காரணத்தால் செத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உண்மையான ஆபத்து மட்டி, சிப்பி வகைகளில். அவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை. விஷப் பாசி வந்தால் விஷத்தையும் சேர்த்து உடம்பில் வைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 1981-ல் இப்படி மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள். விழிஞ்ஞத்தில் 1997-ல் கல்லுமேக்காய் சாப்பிட்டு 7 பேர். இந்த விஷத்துக்கு நிறமோ நாற்றமோ கிடையாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. இதைச் செய்வது நாக்டிலூகா இல்லை, வேறு பாசிகள். அவை சில சமயம் தண்ணீர் நிறம் மாறாத அளவிலேயே வேலையைக் காட்டிவிடும். கடல் பச்சையாகத் தெரியும்போது பயப்படுகிறோம், தெளிந்து கிடக்கும்போது நம்புகிறோம். ரெண்டையும் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

வைப்பாற்றுக்குத் திரும்புகிறேன். புரட்டாசிப் பச்சைக்கு எங்க ஊரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்றால், எங்க ஊர் யூரியா எங்கேதான் போகிறது? நெல்லுக்குப் போடும் நைட்ரஜனில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. கொஞ்சம் காற்றோடு போகிறது, கொஞ்சம் கிணற்றுக்குப் போகிறது, கொஞ்சம் கண்மாய்க்கு வருகிறது. பாஸ்பரஸ் வண்டலோடு ஒட்டிக்கொண்டு கண்மாயிலேயே படிகிறது. மேற்கேயிருந்து கிழக்கே வரிசையாகக் கண்மாய்கள், ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். பாசனத்துக்காகக் கட்டியது, அதுவே கடலுக்கு முன்னால் வைத்த வடிகட்டி வரிசையாகவும் வேலை செய்கிறது. கோடையில் அந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் அடித்தார்கள் பெரியவர்கள். பாஸ்பரஸ் திரும்ப வயலுக்கே போனது. ரெட்ஃபீல்டைப் படிக்காமலேயே செய்த வேலை.

வண்டல் எடுப்பது குறைந்து, சாக்கடை வருவது கூடினால் என்ன ஆகும்? கடலில் நடப்பது கண்மாயில் நடக்கும். ஊரை ஒட்டிய கண்மாய் ஒன்றில் மாசி, பங்குனி வாக்கில் நின்று பாருங்கள். ஆகாயத்தாமரை மூடாத இடத்தில் தண்ணீர் மேல் பச்சை ஏடு கட்டியிருக்கும். அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சை வகை. அதில் சில ரகங்கள் ஈரலைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கும். ஆடு மாடு குடிக்கும் தண்ணீர் அது. அங்கும் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், அங்கும் ஒருநாள் செத்து மிதக்கும். உள்ளூர்ப் பேப்பரில் "கண்மாயில் மீன்கள் செத்து மிதந்தன, விஷம் கலந்தார்களா?" என்று போடுவார்கள். சில நேரம் யாரோ கலந்திருக்கலாம். ஆனால் காற்றில்லாத, மேகமூட்டமான ராத்திரிக்கு மறுநாள் என்றால், நான் முதலில் ஆக்ஸிஜனைத்தான் சந்தேகப்படுவேன்.

ஆக, குரூப்பில் நான் எழுதியதைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்: பாம்பன் பச்சைக்கு நம்ம ஆற்றின் மேல் பழி போட முடியாது. நம்ம உரமும் சாக்கடையும் முதலில் கெடுப்பது நம்ம கண்மாயை. பெருமழை வருஷத்தில் கண்மாய் வரிசை முழுக்க மறுகால் போனால், அப்போது வைப்பாறு கடலுக்கு என்ன கொண்டுபோகிறது என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதற்குக் கார்த்திகையில் சிப்பிகுளம் முகத்துவாரத்தில் தண்ணீர் எடுத்து நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா மூன்றையும் அளக்க வேண்டும், ஒரு நாள் இல்லை, வெள்ளம் வருவதற்கு முன்பும் வடிந்த பின்பும். கல்லூரிப் பிள்ளைகள் யாராவது ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம். பஸ் செலவு பெரிசாக வராது: சாத்தூர் போய், அங்கிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக இறங்கினால் கடல் வந்துவிடும்.

மீன்கார அக்காவிடம் போன வாரம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பூங்கோரை வருஷா வருஷம் எட்டிப் பார்க்கும், காற்றடித்தால் கலைந்துவிடும், காற்று நின்றால்தான் வம்பு என்றேன். "இதத்தான தம்பி எங்க பெட்டிக்காரரும் சொன்னாரு" என்றார், சாளையை எடை போட்டுக்கொண்டே.